நான்காவது கடை

உங்கள் வீட்டில் சமையலறைத் தராசு இருக்கிறதா? இல்லையென்றால் வாங்காதீர்கள். நிம்மதி போய்விடும்.

என் மகள் கேக் செய்யப் போகிறேன் என்று ஒன்று வாங்கினாள். கேக் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதற்குப் பிறகு தராசு மேடையில் சும்மா கிடந்தது. என் கை சும்மா இருக்குமா? கண்ணில் பட்டதையெல்லாம் நிறுக்க ஆரம்பித்தேன். அப்படித்தான் ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம் அரைக் கிலோ ஸ்வீட் பெட்டி ஒன்று சிக்கியது. எங்கள் பேட்டையில் புதிதாகக் கிளை திறந்திருக்கும் பெரிய கடை. பெயர் வேண்டாம். பெட்டியோடு நிறுத்தால் 504 கிராம். பரவாயில்லையே, நாலு கிராம் தர்மம் பண்ணியிருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டு, ஸ்வீட்டை எல்லாம் தட்டில் எடுத்து வைத்துவிட்டு வெறும் பெட்டியை வைத்துப் பார்த்தேன். 62 கிராம். ஸ்வீட் கிலோ 800 ரூபாய். ஆக, ஜிகினா ஒட்டிய அந்த அட்டைக்கு நான் கொடுத்த விலை கிட்டத்தட்ட 50 ரூபாய்.

மறுநாள் போய்க் கேட்டேன். கவுன்ட்டரில் இருந்த பையன் கோபப்படவில்லை. "எல்லாருக்கும் அப்படித்தான் சார் போடறோம்" என்றான். சமத்துவம். இதற்கு மேல் என்ன கேட்பது? சட்டப்படி பெட்டியின் எடையைக் கழித்துவிட்டு உள்ளே இருக்கும் சரக்குக்கு மட்டும்தான் காசு வாங்க வேண்டும். தராசிலேயே அதற்கு ஒரு பட்டன் இருக்கிறது. பையனின் விரலுக்கும் அந்தப் பட்டனுக்கும் நடுவே அரை அடி தூரம்தான். அந்த அரை அடியை அவன் தாண்டுவதும் தாண்டாததும் அவன் கையில் இல்லை, முதலாளி என்ன சொல்லி வைத்திருக்கிறார் என்பதில் இருக்கிறது.

சரி, பெட்டியை விடுங்கள். எனக்கு அதற்குப் பிறகு பிடித்த கிறுக்கு வேறு. நாம் தினமும் தாண்டிப் போகும் இந்த இனிப்பு காரக் கடைகள் எப்படி விலை வைக்கின்றன? ஒரு கடை பத்துக் கடையாகும்போது உள்ளே இருக்கும் முறுக்குக்கு என்ன ஆகிறது?

மிக்ஸரிலிருந்து ஆரம்பிப்போம்.

மைசூர்பாகுக்கு ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. கடலை மாவு, சர்க்கரை, நெய். நெய்யைக் குறைத்தால் அடுத்த நிமிஷம் உங்கள் பல் சொல்லிவிடும். முறுக்கும் அப்படித்தான். மிக்ஸர் வேறு ஜாதி. ஓமப்பொடி, காராபூந்தி, அவல், பொட்டுக்கடலை, வேர்க்கடலை, கறிவேப்பிலை, முந்திரி. இந்த ஏழு பேரில் யாருக்கு எத்தனை சீட் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. கூட்டணி ஆட்சி. முந்திரி விலை ஏறினால் முந்திரி எதிர்க்கட்சி வரிசைக்குப் போய்விடும், அந்த இடத்தில் வேர்க்கடலை உட்காரும். அதுவும் ஏறினால் ஓமப்பொடி. பலகையில் கிலோ விலை மாறவே மாறாது. "மூணு வருஷமா அதே விலைக்குத் தர்றான்யா" என்று நாமும் பாராட்டிக்கொண்டே ஓமப்பொடி தின்போம்.

விலையை ஏற்றுவதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை. கடலை மாவு ஏறுகிறது, எண்ணெய் ஏறுகிறது, மாஸ்டர் சம்பளம் ஏறுகிறது, வாடகையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஏற்றிவிட்டு ஏற்றினேன் என்று சொல்லுங்கள். 1948-இல் கோயமுத்தூரில் தொடங்கிய ஸ்ரீ கிருஷ்ணா ஸ்வீட்ஸ் செய்தது அதுதான். கல் மாதிரி இருந்த மைசூர்பாகில் நெய்யைக் கொட்டி, வாயில் வைத்தால் கரைகிற மாதிரி ஆக்கி, 'மைசூர்பா' என்று பெயரையும் ஓர் எழுத்து குறைத்து, விலையை மட்டும் கூட்டினார்கள். ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே வாங்கினார்கள். இது நேர்மையான வியாபாரம். இன்ன பொருள், இன்ன விலை, இஷ்டமிருந்தால் வாங்கு.

இப்போது பல கடைகளில் நடப்பது வேறு. 'கிலோ 480' என்று இருந்த பலகை ஒரு நாள் காலையில் '250 கிராம் 130' என்று மாறியிருக்கும். அட, குறைந்துவிட்டதே என்று தோன்றும். நாலால் பெருக்கிப் பாருங்கள். 520. நிறைய பேர் பெருக்குவதில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குக் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் எங்கே பெருக்குவது? பாக்கெட்டில் அடைத்து விற்பதில் இந்த வித்தையைக் கொஞ்சம் கட்டிப்போட்டிருக்கிறார்கள். விதிப்படி, விலைக்குப் பக்கத்திலேயே ஒரு கிராம் என்ன விலை என்றும் அச்சிட வேண்டும். 200 கிராம் 96 ரூபாய் என்றால் கிராமுக்கு 48 பைசா. எறும்பு சைஸ் எழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு பாக்கெட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். 'ஃபேமிலி பேக்' என்று போட்ட பெரிசு, கிராம் கணக்கில் சின்னதைவிட விலை கூட என்பதை நான் இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

வரி விஷயம் ஒரு தனித் தமாஷ். 2024 செப்டம்பரில் கோவையில் ஓர் ஓட்டல் அதிபர், பன்னுக்கு வரி இல்லை, உள்ளே க்ரீம் வைத்தால் 18 சதவீதம் என்று நிதியமைச்சரிடமே சொல்ல, நாடே சிரித்தது ஞாபகமிருக்கும். நம் மிக்ஸரின் கதையும் அதற்குக் குறைந்ததல்ல. தட்டில் குவித்து வைத்து நிறுத்துக் கொடுத்தால் 5 சதவீதம். அதே மிக்ஸரைப் பாக்கெட்டில் போட்டு லேபிள் ஒட்டினால் 12. 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுமே 5 ஆனது. நல்ல காரியம். கணக்குப்படி, வரியோடு சேர்த்து 100 ரூபாய்க்கு விற்ற பாக்கெட் 93 ரூபாய் 75 காசுக்கு இறங்க வேண்டும். அல்லது அதே விலைக்குக் கிராம் கூட வேண்டும். பெரிய கம்பெனிகளின் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட்டுகளில் விலையை அப்படியே வைத்துக் கிராமைக் கூட்டுவதுதான் வழி. நான் வழக்கமாக வாங்கும் கடையில் தீபாவளி முடிந்த பிறகும் பழைய விலைதான். கேட்டால் "பழைய ஸ்டாக் சார்" என்றார்கள். முறுக்கை முகர்ந்து பார்த்தேன். புதுசு. முறுக்கு புதுசு, விலை மட்டும் பழைய ஸ்டாக்.

விலை போதும். இனி எண்ணெய். இதுதான் முக்கியம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒரே ஒரு கடை. பின்கட்டில் அடுப்பு. காலையில் போட்ட சரக்கு ராத்திரிக்குள் காலி. இந்தக் கடைக்காரர் கடலை எண்ணெயில் பொரிக்கலாம். வாசனை தெருமுனை வரை வரும். நாள்பட்டால் காறல் அடிக்கும். ஆனால் அத்தனை நாள் அது அங்கே இருக்கப் போவதில்லையே. அதே கடைக்காரர் நாற்பது கிளை திறக்கிறார் என்று வையுங்கள். நாற்பது இடத்தில் அடுப்பு வைக்க முடியாது. நாற்பது நல்ல மாஸ்டர்களுக்கு எங்கே போவது? ஊருக்கு வெளியே ஒரு பெரிய சமையற்கூடம் கட்டுகிறார். அங்கே பொரித்து, பையில் அடைத்து, வேனில் ஏற்றி, கிளைக்கு அனுப்பி, கிளையில் வைத்து விற்க வேண்டும். இப்போது அந்த முறுக்கு வாரக்கணக்கில் உயிரோடு இருந்தாக வேண்டும். நமுத்துப் போகாமலிருக்கப் பாக்கெட்டை இறுக மூடிவிடலாம். காறாமலிருக்க? அங்கேதான் பாமாயில் உள்ளே வருகிறது. விலை குறைவு என்பதால் மட்டும் அல்ல. அதன் கொழுப்பு சுலபத்தில் காற்றோடு சேர்ந்து கெட்டுப் போகாது. கொதிக்கக் கொதிக்கத் தாங்கும். அதற்கான விலையை உங்கள் ரத்தக்குழாய் கொடுக்கிறது. பாமாயிலில் நிறைவுற்ற கொழுப்பு கடலை எண்ணெயைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

அதாவது, எண்ணெயை மாற்ற வேண்டும் என்று எந்த முதலாளியும் கெட்ட எண்ணத்தோடு முடிவெடுப்பதில்லை. கிளை திறப்பதென்று முடிவெடுக்கிறார். எண்ணெயை அந்த முடிவே எடுத்துக்கொள்கிறது.

முறுக்கின் வகையையும் அதுவே எடுத்துக்கொள்கிறது. கை முறுக்கு சுற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாவை முறுக்கிக்கொண்டே வட்டம் போடும். ஐந்து சுற்று, ஏழு சுற்று என்று. அந்த நெளிவு மெஷினுக்கு வராது. தேன்குழல் அச்சில் வரும், ரிப்பன் பக்கோடா வரும், ஓமப்பொடி வரும். அதனால்தான் கடை பெரிசாகப் பெரிசாக ஷெல்ஃபில் பிழிகிற சரக்கு கூடிக்கொண்டே போகிறது, சுற்றுகிற சரக்கு ஓரத்துக்குப் போய், பிறகு 'ஆர்டரின் பேரில்' ஆகிவிடுகிறது. மணப்பாறை முறுக்குக்கு 2023-இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். பெயருக்குக் காவல் போட்டாயிற்று. விரல்களுக்கு யார் காவல்?

ஓர் அநியாயம் செய்துவிடக் கூடாது. சின்னக் கடை என்றால் சொர்க்கம், பெரிய கடை என்றால் நரகம் என்று நான் சொல்ல வரவில்லை. சின்னக் கடையில் நேற்றைய எண்ணெயில் இன்றைய எண்ணெயை ஊற்றி, நாளைய பஜ்ஜிக்கு அதையே எடுத்து வைப்பதை நானே பார்த்திருக்கிறேன். 2018 ஜூலையிலிருந்து பொரிக்கும் எண்ணெய்க்கு ஒரு வரம்பு இருக்கிறது. திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் உண்டாகும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைக் கொட்ட வேண்டும். பெரிய சமையற்கூடத்தில் அதை அளக்க ஒரு கருவியும், அளக்க ஓர் ஆளும் இருப்பார்கள். தெருமுனைக் கடையில் எண்ணெயின் நிறத்தைப் பார்த்து "இன்னும் ஒரு நாள் தாங்கும்" என்பதுதான் கருவி. நியூஸ்பேப்பரில் பக்கோடா மடித்துத் தருவதும் அங்கேதான். சங்கிலிக் கடைகளில் தொப்பி போட்டிருக்கிறார்கள், பில் தருகிறார்கள், நெடுஞ்சாலையில் ராத்திரி பத்து மணிக்குப் பெண்களும் நம்பிப் போகிற கழிப்பறை வைத்திருக்கிறார்கள். வண்ணாரப்பேட்டையிலிருந்து அடையாறு வந்து பெயர் வாங்கிய ஆனந்த பவன், இன்று ஸ்வீட் கடையைவிட ஓட்டலாகத்தான் நிறைய பேருக்குத் தெரியும். பெங்களூர் ரோட்டில் வண்டியை நிறுத்துகிறவர்கள் மைசூர்பாகுக்காக நிறுத்துவதில்லை.

என் குறை இவர்கள் மேல் வேறு இடத்தில். மிஞ்சிய சரக்கு யார் தலையில்?

கிளைகள் பெரும்பாலும் இரண்டு விதம். முதலாளியே நடத்துவது ஒன்று. டெபாசிட் கட்டிய வேறொருவர் கமிஷனுக்கு நடத்துவது இன்னொன்று. இரண்டாவது வகையில், விற்காத ஸ்வீட்டைத் தலைமைக் கடை திரும்ப எடுத்துக்கொள்ளாது என்று ஒப்பந்தம் இருந்தால், கிளைக்காரர் என்ன செய்வார்? நேற்றைய பாதுஷாவை இன்றைய பாதுஷாவுக்கு மேலே அடுக்குவார். திரும்ப எடுத்துக்கொள்ளும் என்றால், அவர் கவலையே படாமல் அளவுக்கு மீறி ஆர்டர் போடுவார். அப்போது தலைமைக் கடை முழிக்கும். ஒரு சங்கிலிக் கடையின் தரம் எப்படி என்று தெரிய வேண்டுமானால் விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். மிஞ்சினதை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்ல மாட்டார்கள். ஆனால் முகம் சொல்லும். 2020 அக்டோபரிலிருந்து தட்டில் வைத்து விற்கும் ஸ்வீட்டுக்கும் எந்தத் தேதி வரை நல்லது என்று அட்டை வைக்க வேண்டும் என்பது விதி. அடுத்த தடவை போகும்போது அந்த அட்டையைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் விலை அட்டைக்குப் பின்னால் சாய்ந்து தூங்கிக்கொண்டிருக்கும்.

இதையெல்லாம் நான் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் எனக்கு ஒரு நண்பர். அப்பா காலத்திலிருந்து காரக் கடை. பஸ் ஸ்டாண்டு அருகில் ஒன்று, கோயில் தெருவில் ஒன்று, பத்து மைல் தள்ளிப் பக்கத்து டவுனில் ஒன்று. ஆக மூன்று. மூன்றுக்கும் ஒரே இடத்தில் சரக்குப் போடுகிறார். ஆறு பெண்கள் உட்கார்ந்து கை முறுக்கு சுற்றுகிறார்கள். மூத்த அம்மாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். நண்பர் அவரை 'அக்கா' என்றுதான் கூப்பிடுகிறார், அவர் பதிலுக்கு முதலாளியைத் 'தம்பி' என்கிறார். எண்ணெய் கடலை எண்ணெய்தான். 2022-இல் இந்தோனேஷியா பாமாயில் ஏற்றுமதியை ஏப்ரல் 28-ஆம் தேதி நிறுத்தி, மூன்றரை வாரம் கழித்துத் திறந்துவிட்டதே, அப்போது எல்லா எண்ணெயும் தாறுமாறாக ஏறியது. 2024 செப்டம்பரில் தீபாவளிக்கு முன்னால் இறக்குமதி வரியை ஏற்றினார்கள். மறுபடியும் ஏறியது. இரண்டு தடவையும் நண்பர் கடை வாசலில் ஒரு காகிதம் ஒட்டினார். 'எண்ணெய் விலை காரணமாக முறுக்கு கிலோவுக்கு இவ்வளவு ஏற்றியுள்ளோம்' என்று. வியாபாரம் ஒரு மாதம் படுத்தது. பிறகு எழுந்தது.

அவரிடம் ஒரு பெரிய மனிதர் வந்திருக்கிறார். பணம் அவருடையது, பெயர் நண்பருடையது. முதலில் நான்காவது கடை, திருச்சியில். பிறகு வருஷத்துக்குப் பத்து.

ஹல்திராம் கதையைச் சொல்லித்தான் ஆசை காட்டினாராம். நியாயமான உதாரணம். பிகானேரில் 1937-இல் ஆரம்பித்த புஜியா கடை. கங்கா பிஷன் அகர்வால் என்பவர், கடலை மாவுக்குப் பதில் நம் ஊரில் நரிப்பயறு என்கிறோமே, அந்த மாவில் மெல்லிசாகப் பிழிந்து, மகாராஜா பெயரை வைத்து, விலையையும் துணிந்து ஏற்றினார் என்று சொல்வார்கள். ஜனங்கள் வாங்கினார்கள். கல்கத்தா, நாகபுரி, டெல்லி என்று பிள்ளைகள் பிரிந்தார்கள். பெயர் யாருக்குச் சொந்தம் என்று வருஷக்கணக்கில் கோர்ட்டுக்குப் போனார்கள். அதெல்லாம் தாண்டி 2025-இல் சிங்கப்பூரின் டெமாசெக் உள்ளே வந்தபோது, கம்பெனியின் மொத்த மதிப்பு சுமார் 1,000 கோடி டாலர் என்று செய்தி வந்தது. டாலர், ரூபாய் அல்ல. ஆனால் பெரிய மனிதர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. புஜியா பிழிகிற சரக்கு. பாக்கெட்டுக்குள் மாதக்கணக்கில் இருந்தாலும் புஜியா புஜியாதான். கை முறுக்குக்கு அந்த ஜாதகம் இல்லை.

நான் பதிலுக்குத் திருநெல்வேலி இருட்டுக்கடையைச் சொன்னேன். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, சாயங்காலம் சில மணி நேரம் மட்டும் திறந்து, அல்வா தீர்ந்ததும் சாத்திவிடுகிற கடை. நூறு வருஷமாக அந்த ஊரைவிட்டு நகராமலேயே நாடு முழுக்கத் தெரிந்தது.

நண்பர் சிரித்தார். "அவங்களுக்கு வரிசை நிக்குது சார். வரிசையும் ஒரு விலைதானே? காசா வாங்காம நேரமா வாங்கிக்கிறாங்க. என் கடையில நாலு பேர் நின்னாலே அஞ்சாவது ஆள் அடுத்த கடைக்குப் போயிடுவான்."

எனக்குப் பதில் தெரியவில்லை.

"திறக்கலாம்னு மனசு இருக்கா, இல்லையா?" என்று கேட்டேன்.

"மூணு கடை வரைக்கும் காலைல நானே எல்லாத்துலயும் ஒண்ணு எடுத்து வாயில போட்டுப் பாத்துடறேன். திருச்சிக் கடைக்கு என் நாக்கு எட்டாது. அங்க ஒரு மேனேஜர் நாக்கு. அவருக்குச் சம்பளம் குடுத்தா நல்லாருக்குன்னுதானே சொல்லுவாரு?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பையன் பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலைல இருக்கான். பத்துக் கடைன்னா வர்றேங்கறான். மூணு கடைன்னா வரமாட்டானாம்" என்றார்.

இது அவர் கணக்கில் இல்லாத செலவு. கடையை வளர்த்தால் முறுக்கு போய்விடும். வளர்க்காவிட்டால் கடையே போய்விடும், இன்னும் பதினைந்து வருஷத்தில். அவருக்கு இப்போது ஐம்பத்தெட்டு. எனக்கு இவர் மேல் பரிதாபம் வந்தது. அதைவிட அந்த ஆறு பெண்கள் மேல். பெரிய மனிதர் கொண்டுவந்த திட்டத்தில் அவர்களுக்கு ஒரு வரி இருக்கிறது. 'பேக்கிங் பிரிவுக்கு மாற்றப்படுவார்கள்.' மாதச் சம்பளம், பி.எஃப்., லீவு எல்லாம் உண்டு. இப்போது கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. முறுக்கு சுற்றாத நாளில் காசு இல்லை. நான் போய் அக்காவிடம் எது பிடிக்கும் என்று கேட்டேன், ஏதோ பெரிய தியாகப் பதில் வரும் என்ற எதிர்பார்ப்பில்.

"பி.எஃப்.தான் தம்பி. விரல் வலிக்குதுல்ல" என்றார். கை மட்டும் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.

யோசனை எதுவும் சொல்லாமல் திரும்பி வந்தேன். போன வாரம் நண்பரிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. இரண்டு பாக்கெட் கை முறுக்கு, அரைக் கிலோ என்று பேனாவில் எழுதியிருந்தது. தராசை எடுத்தேன். பையைக் கழித்துவிட்டு 518 கிராம். இரண்டாவது 511. உள்ளே ஒரு சீட்டு: 'திருச்சியில் இடம் பார்த்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். போன் செய்யவும்.'

இன்று புதன். இன்னும் போன் செய்யவில்லை. முறுக்கு மட்டும் தீர்ந்துவிட்டது.